செருப்பைக் கழற்றிவிட்டு ஏறவும்

அய்யாதுரையின் காரில் இரண்டே இரண்டு இருக்கைகள். சரோஜாதேவிக்கு அந்தக் காரில் பிடித்தது அது ஒன்றுதான்.

ஊருக்குப் பிடித்தவை வேறு. மிளகாய்ப்பழச் சிவப்பு. படுத்துக்கொண்டே ஓடுவது போன்ற உயரம். கே.கே. நகரின் வேகத்தடைகளை நேராக ஏற முடியாமல், பெரிய வீட்டு மாப்பிள்ளை பந்தியில் உட்கார இடம் பார்ப்பதுபோல் கோணிக் கோணி ஏறும் அதன் நடை. தி.நகரில் பட்டுக்கடை வைத்து, அறுபதை நெருங்கி, முழங்கால் வலிக்கத் தொடங்கிய பிறகு ஒரு மனிதர் ஏன் தரையோடு தரையாக உட்கார்ந்து ஓட்டும் வண்டியை வாங்கினார் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. பணம் உள்ளவர்களை இந்த ஊரில் எதையும் கேட்பதில்லை. ஓரமாக நின்று படம் எடுத்துக்கொள்வதோடு சரி.

பட்டுக்கடைக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. ஊரார் வீட்டுக் கல்யாணமெல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான் அவர் கடைக்குத் துணி எடுக்க வரும். கல்யாணமான நாள் முதல் சரோஜாதேவி ஞாயிற்றுக்கிழமைகளில் புருஷனைப் பார்த்தது இரவுச் சாப்பாட்டுக்கு மட்டும். கோயிலுக்குப் போனாலும் பெரிய காரில் மாமியார் நடுவில், கொழுந்தன் பிள்ளைகள் மடியில், முன் இருக்கையில் கடை மேனேஜர் போனோடு. இப்போது மகள் மதுமதியின் கணவர் ஞாயிறுகளில் கல்லாவில் உட்கார ஆரம்பித்திருந்தார். அய்யாதுரை சிவப்புக் காரை எடுத்துக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போனார். பக்கத்தில் ஒரே ஒரு ஆள்தான் உட்கார முடியும். வேறு யாரும் ‘நானும் வாரேன்’ என்று சொல்லக்கூட இடமில்லாத ஒரு வண்டி. சரோஜாதேவி அந்த இடத்தை யாருக்கும் விட்டுத்தருவதாக இல்லை.

ஏறுவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. செருப்பைக் கழற்ற வேண்டும்.

இது அய்யாதுரையின் சட்டம். வண்டி வந்த அன்று பிள்ளையார் கோயில் குருக்கள் பூசணிக்காய் உடைத்து, வண்டியின் மூக்கில் சந்தனமிட்டு, ஸ்டியரிங்குக்குக் கற்பூரம் காட்டியிருந்தார். உள்ளே தரையெல்லாம் வெண்ணெய் நிறக் கம்பளம். பட்டுக்கடையில் வெள்ளை விரிப்பு போட்ட மெத்தையில் ஒரு மனுஷி சேற்றுக் காலோடு ஏறினால் என்ன ஆகும் என்று அய்யாதுரைக்குத் தெரியும். “கடைக்குள்ள வாரவன் செருப்ப வாசல்ல விடுதான். இது அதைவிட ஒசத்தியான எடம்லா,” என்றார். செருப்புகளுக்கென்று கடையின் பெயர் போட்ட ஒரு துணிப்பை டிக்கியில் இருந்தது. ஓட்டுகிறவருக்கு மட்டும் விலக்கு. அவர் போட்டிருந்தது கார் ஓட்டுவதற்கென்றே வெளிநாட்டிலிருந்து வந்த சிவப்பு ஷூ. அது செருப்புக் கணக்கில் வராது.

சரோஜாதேவிக்குச் சர்க்கரை வியாதி. மதுமதி அவளை அடையாறில் ஒரு மருத்துவரிடம் கூட்டிப்போயிருந்தாள். அவர் ஒரு நைலான் நரம்பை எடுத்துப் பாதத்தில் அங்கங்கே குத்தி, “தெரியுதாம்மா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

“இன்னும் ஆரம்பிக்கலையா டாக்டர்?” என்றாள் சரோஜாதேவி.

அவர் முடித்திருந்தார். இனி வீட்டுக்குள்ளும் செருப்பில்லாமல் நடக்கக் கூடாது, முள் குத்தினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது என்று சொல்லி, மெத்தென்ற செருப்பு ஒன்றும் எழுதிக்கொடுத்தார். மதுமதி அதை அப்பாவுக்குப் போனில் சொன்னாள். அப்போது கடையில் ஒரு முகூர்த்தக் கூட்டம். அய்யாதுரை “சரி சரி, பாத்துக்கிடலாம்” என்றார். அவருக்கு அது தெரியுமா என்றால், தெரியும். கடையில் குடோனுக்கு அவசர வழி எந்தப் பக்கம் என்று, ஒரு நாளும் நினைத்துப் பார்க்காமலே, தெரிந்திருப்பதுபோல.

*

ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டுகிறவர்களுக்கு அடையாறில் ஒரு சங்கம் இருந்தது. தலைவர் தௌசீஃப், தோல் ஏற்றுமதிக் குடும்பம், முப்பது வயதைத் தாண்டாதவன். வண்டிகளைப் பற்றி அவன் சொல்வது சங்கத்துக்கு வேதம். முதல் நாள் அய்யாதுரையின் காரைச் சுற்றிவந்து, குனிந்து, காதை வைத்துக் கேட்டுவிட்டுச் சொன்னான்:

“சூப்பர் வண்டி அங்கிள். ஆனா சவுண்ட்தான்… கொஞ்சம் கூச்சப்படுது.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அய்யாதுரையும் சிரித்தார். மறுநாளே வண்டி ஈக்காட்டுத்தாங்கலில் மெஹபூப் பாஷாவின் பட்டறையில் நின்றது.

பட்டறைப் பலகையில் ‘எக்ஸாஸ்ட் ஸ்பெஷலிஸ்ட், துபாய் ரிட்டர்ன்’ என்று எழுதியிருந்தது. பாஷா துபாயில் இருந்தது நிஜம். அங்கே லாரி டயர் கடையில் இருந்தார் என்பது பலகையில் இடம் போதாமல் விட்டுப்போனது. இப்படி ஒரு வண்டி அவர் வாசலில் நிற்பது அதுதான் முதல் தடவை. வேலையைத் தொடங்கும் முன் நாலா பக்கமும் படம் எடுத்து நெட்டில் போட்டுவிட்டார். அப்புறம் தடிமனான புகைக்குழாயை மாட்டி ஒரு முறுக்கு முறுக்கினார். எதிர் பட்டறையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அய்யாதுரைக்குக் கண் கலங்கியது.

“ஒரு மேட்டர் கீது அண்ணாச்சி,” என்றார் பாஷா.

காரில் இருக்கும்போது தன்னை ‘அண்ணாச்சி’ என்று யாரும் கூப்பிடக் கூடாது என்று அய்யாதுரைக்கு ஆசை. பாஷாவிடம் அது நடக்கவில்லை.

“இன்னான்னா, பைப்பு பெருசு. கீழ எடம் கம்மி. கம்பெனில சூடு தடுக்க ஒரு தகடு வெச்சிருந்தான், அது பைப்புல இடிச்சிக்கினு கடகடங்குது. கழட்டிட்டேன். இப்ப பைப்பு சூடு நேரா மேல வரும், லெஃப்ட் சீட்டாண்ட. தரைக்கு இந்தத் துணிய ஒட்டணும், சீட்டுக்குக் கீழ ஓடுற ஒயருக்கு இதே துணில உறை போடணும்.”

அவர் விரித்துக் காட்டிய துணி ஒரு பக்கம் பொன்னாக மின்னியது. அய்யாதுரை மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். துணி என்ற சொல்லைக் கேட்டதும் அவர் வாடிக்கையாளராக இருப்பதை நிறுத்திவிட்டார்.

“என்ன இது, ஜரிகையா?”

“சூட்டுத் துணி அண்ணாச்சி. பாம்பே சரக்கு.”

“ஒரு இழை உருவும்.”

பாஷா புரியாமல் ஒரு இழையை உருவிக் கொடுத்தார். அய்யாதுரை லைட்டர் கேட்டு வாங்கி அதன் நுனியில் காட்டினார். கடையில் வாடிக்கையாளர்கள் முன்னால் அவர் ஆயிரம் தடவை செய்து காட்டிய சோதனை. “பட்டுன்னா முடி பொசுங்குன வாடை வரும், சாம்பல் பொடிஞ்சு விழும். நூலுன்னா காயிதம் எரிஞ்ச வாடை. பாலியெஸ்டர்னா உருகி மணி கட்டும். எந்தத் துணியும் நெருப்புக்கிட்ட பொய் சொல்லாது பாய்.”

இழை சிவந்தது. லைட்டரை எடுத்ததும் பழையபடி வெளுத்தது. வாடை இல்லை, சாம்பல் இல்லை, மணி இல்லை. அய்யாதுரை முகர்ந்து பார்த்தார். விரலில் தேய்த்துப் பார்த்தார்.

“என்ன சரக்குய்யா இது? வித்தவன் உம்ம நல்லா ஏமாத்திட்டான்.”

“அய்ய, எரியக்கூடாதுன்னுதான அண்ணாச்சி இந்தத் துணியே!”

“எரியாதது துணியே இல்ல. எனக்கு நீரு துணி சொல்லித் தாரீரா?”

பாஷா துணியைச் சுருட்டி வைத்தார். பட்டுக்கடை முதலாளியிடம் துணியைப் பற்றி வாதாடி யார் ஜெயித்தது? அய்யாதுரை கடைக்குப் போன் போட்டு, கல்யாண மண்டபங்களுக்குப் போடும் கனத்த கம்பளத்தில் ஒரு துண்டை அதே வெண்ணெய் நிறத்தில் வரவழைத்தார். பழைய கம்பளத்தின் மேல் அது படுத்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

*

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகள்தான் சரோஜாதேவியின் வாழ்க்கையில் நல்ல ஞாயிறுகள்.

காலையில் கடைகள் திறக்கும் முன் அய்யாதுரை வேண்டுமென்றே தி.நகர்ப் பக்கம் சுற்றிக்கொண்டு போவார். துரைசாமி சுரங்கப்பாதை காலியாக இருக்கும். உள்ளே இறங்கியதும் ஒரு மிதி மிதிப்பார். சத்தம் சுவரில் மோதி, தலைக்கு மேல் ரயிலே புரண்டுவிட்டதுபோல் கேட்கும். சரோஜாதேவி காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

“இன்னொரு தடவ,” என்பாள்.

அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து இன்னொரு தடவை மிதிப்பார். மனைவி கேட்டு அவர் இரண்டாம் தடவை செய்த காரியம் அதுவரை எதுவும் இல்லை.

கடற்கரைச் சாலையில் ஓரமாக நிறுத்திச் சர்க்கரை இல்லாத காபி வாங்கிக் கொடுப்பார். சூடு ஆறட்டும் என்று டம்ளரை அவரே ஆற்றித் தருவார். கடையைப் பற்றிப் பேச ஆரம்பித்து, கடல் தெரிந்ததும் நிறுத்திவிடுவார். ஒரு நாள் திடீரென்று, “ஒனக்குக் கத்திரிக்கலர் பிடிக்கும்லா?” என்று கேட்டார். அவளுக்குப் பிடித்தது கிளிப்பச்சை. ஆனாலும் கேட்டாரே.

“சுடுதா சரோஜா?” என்றும் அவ்வப்போது கேட்பார். பாஷா சொன்னது எங்கோ உறுத்திக்கொண்டிருந்தது.

“இல்லைங்க.”

“பாத்தியா. அந்தப் பயலுக்குத் துணியும் தெரியல, சூடும் தெரியல.”

வண்டிக்குள் ரப்பர் கருகும் வாடை லேசாக வந்தது. அய்யாதுரை சந்தன வாசனைப் புட்டி ஒன்று வாங்கி மாட்டினார்.

பிறகு ஒரு நாள் சரோஜாதேவி பெல்ட் போட்டிருக்கும்போதே, போடவில்லை என்று வண்டி மணி அடிக்கத் தொடங்கியது. அதோடு நிற்காமல், மத்திய கைலாஷ் சிக்னலில் சங்கத்து வண்டிகளெல்லாம் வரிசையாக நிற்க, இடது கண்ணாடி தானாக இறங்கி, ஏறி, மறுபடி இறங்கியது. “அங்கிள், ஆன்ட்டிக்குக் கண்ணடிக்குது வண்டி!” என்று பக்கத்து வண்டியிலிருந்து தௌசீஃப் கத்தினான். அய்யாதுரை அப்படியே ஈக்காட்டுத்தாங்கலுக்குத் திருப்பினார்.

பாஷா இடது பக்கக் கம்பளத்தைப் புரட்டினார். இருக்கைக்குக் கீழே ஓடிய ஒயர்களின் மேல்தோல் இளகி, ஒன்றோடொன்று ஒட்டி, ஜவ்வு மிட்டாய்போல் கிடந்தது.

“அய்யோ,” என்றார் அய்யாதுரை. சிவப்பு ஷூவோடு மண்டி போட்டார். ஒரு ஒயரை விரலால் மெல்லத் தொட்டார். “இவ்வளவு சூடா வந்திருக்கு? பாவம்யா.”

சரோஜாதேவி பட்டறையின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒயர்கள் இருந்த இடத்துக்கு நாலு விரல் தள்ளித்தான் அவள் பாதங்கள் இருக்கும்.

இந்தத் தடவை அய்யாதுரை மறுக்கவில்லை. ஒயர்களுக்கு எரியாத துணியில் உறை போடச் சொன்னார்.

“ஒயரு இன்னிக்கே முடிச்சிடுவேன்,” என்றார் பாஷா. “தரைக்குத்தான் டைம் ஆவும். ரெண்டு சீட்டையும் கழட்டணும், ஒட்டுனது காயணும். துணியும் பத்தாது, பாம்பேலருந்து வரணும். ரெண்டு மூணு வாரம் வண்டி இங்கியே கெடக்கட்டும்.”

“வார ஞாயித்துக்கெழமை ஜோடி டிரைவ் இருக்கே,” என்றார் அய்யாதுரை. சங்கத்தில் மனைவிமார்களோடு மாமல்லபுரம் வரை போகும் நாள். தௌசீஃப் கேமராக்காரர்களுக்குச் சொல்லியிருந்தான்.

“அண்ணாச்சி, நான் சொல்றத சொல்லிட்டேன். அம்மா ஒக்கார்ற எடம். அம்மாவியே கேளுங்க.”

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

“சரோஜா, ஒனக்கு சுடுதா?”

நைலான் நரம்பு அவளுக்கு ஞாபகம் வந்தது. ‘எனக்குச் சுட்டா தெரியாதுங்க’ என்று சொன்னால் போதும். வண்டி மூன்று வாரம் இங்கே கிடக்கும். முகூர்த்த மாதம் பிறக்கப்போகிறது. மூன்று வாரத்தில் அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்குப் போய்ப் பழகிவிடுவார். அவருக்கு எதிலும் ஆசை எவ்வளவு சீக்கிரம் வருமோ அவ்வளவு சீக்கிரம் போகும் என்பது அவளுக்குத் தெரிந்த அளவு யாருக்குத் தெரியும்?

“சுடலைங்க,” என்றாள்.

அது பொய்யில்லை.

“அம்மாவே சொல்லிட்டாங்கன்னா அப்பால இன்னா,” என்றார் பாஷா. அவர் இன்னும் ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லியிருக்கலாம். ஆனால் மாமல்லபுரத்தில் எடுக்கும் படங்களில் தெரியும்படி பாஷா பட்டறையின் பெயரைப் பின் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள அய்யாதுரை அப்போதுதான் சம்மதித்திருந்தார்.

*

ஜோடி டிரைவ் நன்றாகவே நடந்தது. சரோஜாதேவி கிளிப்பச்சைப் பட்டு கட்டியிருந்தாள். படம் எடுத்தார்கள். போகும்போது காற்று இருந்தது, சாலை இருந்தது, வண்டி பறந்தது.

திரும்பும்போது திருவான்மியூரில் மெட்ரோ வேலைக்காகச் சாலையைக் குறுக்கியிருந்தார்கள். வெயில் உச்சியில். அடையாறு வரைக்கும் வண்டி நடந்தது என்றுகூடச் சொல்ல முடியாது, தவழ்ந்தது. நின்ற வண்டியின் அடியில் குழாய் கனன்றது. எதிர்க்காற்று இல்லை. அய்யாதுரை நிற்கும்போதெல்லாம் ஒரு முறுக்கு முறுக்கி, பைக்கில் நின்ற பையன்களைத் திரும்பிப் பார்க்க வைத்தார்.

“ஏசி போதுமா?” என்றார்.

“போதும்ங்க,” என்றாள். அவள் இரண்டு பாதங்களையும் கம்பளத்தில் நன்றாக ஊன்றி, சாய்ந்து, கண்ணை மூடியிருந்தாள். நெரிசல் நீள நீள அவளுக்குச் சந்தோஷம்தான். வீடு வரத் தாமதமாகுமே.

கே.கே. நகரில் அவள் வெறுங்காலோடு இறங்கி உள்ளே போனாள். அய்யாதுரை வண்டிக்கு உறை போடும் முன் வழக்கம்போல் உள்ளே எட்டிப் பார்த்தார். வாசலிலிருந்தே கத்தினார்:

“சரோஜா! கம்பளத்துல என்ன கறை?”

உள்ளே மதுமதி அம்மாவின் பின்னால் தரையில் ஈரத் தடங்களைப் பார்த்தாள். “தண்ணில மிதிச்சியாம்மா?” என்று குனிந்தவள், பாதத்தைப் பார்த்ததும் கீழேயே உட்கார்ந்துவிட்டாள்.

குழாய்ப் பக்கம் இருந்த வலது பாதம் முழுக்கக் கொப்புளம், பாதி உடைந்திருந்தது. மருத்துவமனையில் முதல் வாரம் ஆறிவிடும் என்றார்கள். இரண்டாம் வாரம் பார்க்கலாம் என்றார்கள். பிறகு பெருவிரலையும் அதற்கடுத்ததையும் எடுத்தார்கள்.

அந்த வாரங்களில் அய்யாதுரை மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்தே இருந்தார். ‘கம்பளத்துல என்ன கறை’ என்று தான் கத்திய குரல் அவருக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. எத்தனையோ பேருக்கு விற்ற சரக்கை மறுபேச்சில்லாமல் திரும்ப எடுத்துக்கொண்ட கடை அவருடையது. அந்த ஒரு கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொள்ள வழியில்லை.

பாஷா பார்க்க வந்தார். ஹார்லிக்ஸ் பாட்டிலை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

“எம் மேலயும் தப்பு கீது அண்ணாச்சி. வண்டிய நான் உட்டிருக்கக் கூடாது. போட்டோவுல பேரு வரும்னு…” முடிக்காமல் நிறுத்தினார். “தரைய நான் போட்டுத் தரேன். ரெண்டு பக்கமும். டபுளா.”

*

சரோஜாதேவி வீட்டுக்கு வந்தாள். மதுமதி புதுச் செருப்பு செய்து வாங்கியிருந்தாள். விரல் இல்லாத இடத்தில் பஞ்சு வைத்து, குதிகாலில் வார் வைத்து. வீட்டுக்குள் பழையதைப் போட்டுக்கொண்டு, புதியதை அவள் அட்டைப்பெட்டியிலேயே வைத்திருந்தாள். “எதுக்கும்மா பத்திரப்படுத்துற?” என்று மகள் கேட்டதற்குச் சிரித்து மழுப்பினாள். போனில் பாஷா சொல்லியிருந்தார்: “தரையெல்லாம் ஜில்லுனு கீதும்மா. இனிமே செருப்போடவே ஏறுங்க. யாரு கேக்குறான்னு பாக்குறேன்.”

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தெருவில் அந்தச் சத்தம் கேட்டது. வேகத்தடையில் கோணி ஏறும் ஓசைகூடக் கேட்டது. மாடியில் படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் சத்தம் மறுபடி எழுந்து, தெருமுனை திரும்பித் தேய்ந்து போனது.

அய்யாதுரை மேலே வந்தார். முகத்தில் பல நாள் கழித்து ஒரு வெளிச்சம்.

“பாஷா வண்டியக் கொண்டாந்துட்டாராங்க? சத்தம் கேட்டுச்சே.”

“கொண்டாந்தான். குடுத்துட்டேன்.”

“யாருக்கு?”

“தௌசீஃபோட சித்தப்பா மகனுக்கு.” அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். “எல்லாம் ஒனக்காகத்தான் சரோஜா. அந்தச் சனியன் இனி நம்ம வாசல்ல நிக்கக் கூடாது. சங்கத்துக் குரூப்புலயும் வீட்டுக் குரூப்புலயும் போட்டுட்டேன், ‘என் மனைவியின் ஒரு விரலுக்கு உலகத்தில் எந்தக் காரும் ஈடில்லை’ன்னு. எத்தன பேரு கும்பிட்டுருக்கான் பாரு.”

போனை அவள் முன் நீட்டினார். கூப்பிய கைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. ‘ரெஸ்பெக்ட் அங்கிள்’ என்று தௌசீஃப் போட்டிருந்தான். மருமகன் கண்ணீர்ப் பொம்மை போட்டிருந்தார். எடுத்தது ஒரு விரலில்லை, இரண்டு என்று யாரும் திருத்தவில்லை.

சரோஜாதேவி அதை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

“என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா,” என்றாள்.

“ஒன்னையக் கேக்காமயா? எத்தன தடவ கேட்டேன், சுடுதா சுடுதான்னு!”

“ஆமா. அத கேட்டீங்க.”

அவருக்குப் புரியவில்லை. சற்று நேரம் அவள் கட்டுப்போட்ட பாதத்தைத் தடவிக்கொடுத்தார். அவர் கை பட்டது அவளுக்குத் தெரியவில்லை. அவர் குனிந்திருந்ததைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

மறுநாள் ஞாயிறு. அவள் காலையிலேயே குளித்து, பழக்கத்தில் கிளிப்பச்சைச் சேலையை எடுத்துவிட்டு, திரும்ப உள்ளே வைத்தாள். அய்யாதுரை வீட்டில் என்ன செய்வதென்று தெரியாமல் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தார். பிறகு கடைக்குப் போகப் பெரிய காரை எடுக்கச் சொன்னார். மேனேஜர் முன்னால் ஏறிக்கொண்டார்.

முகூர்த்த மாதம். கடையில் நல்ல கூட்டம்.